ரூபாய் வேறு, யூனிட் வேறு

கோடைக்குப் பிறகு வரும் ஈபி பில்லைப் பற்றி நம் அடுக்குமாடிக் குடியிருப்புகளில் ஒரு தீர்ப்பு முன்கூட்டியே எழுதப்பட்டிருக்கிறது. தொகை இரண்டு மடங்காகவோ மூன்று மடங்காகவோ வந்தால், அந்த வீட்டார் கரண்ட்டை வீணடித்திருக்கிறார்கள் என்பதே அந்தத் தீர்ப்பு. அசோசியேஷன் செயலாளர் இதைத்தான் சொல்கிறார். மின்வாரியத்தின் பிரிவு அலுவலகத்தில் விசாரிக்கப் போனால், "வீட்ல எத்தனை ஏசி ஓடுது?" என்பதே முதல் கேள்வியாக வருகிறது. குடும்பத்துப் பெரியவர்கள் ஒரு விசிறியோடு கோடையைக் கழித்த காலத்தை நினைவுபடுத்துகிறார்கள். பத்திரிகைகளின் சிக்கனக் குறிப்புகளும் ஏசியை 24 டிகிரியில் வை, கீசரை மறக்காமல் அணை என்று அதே இடத்திலிருந்துதான் தொடங்குகின்றன. பில் தொகை என்பது அந்த வீட்டுக்கு வழங்கப்பட்ட நடத்தைச் சான்றிதழ் என்பது இவை எல்லாவற்றுக்கும் அடியில் இருக்கும் நம்பிக்கை. அந்த நம்பிக்கை தவறானது என்பதே என் வாதம். தமிழ்நாட்டில் ஒரு வீட்டின் மின்கட்டணத் தொகை, அந்த வீடு எரித்த யூனிட்டை மட்டும் வைத்து முடிவாவதில்லை. ரீடிங் எத்தனை நாள் இடைவெளியில் எடுக்கப்பட்டது, அந்த யூனிட் எந்த ஸ்லாபில் போய் விழுந்தது, மீட்டருக்குப் பின்னால் ஒயர்கள் எப்படிப் பிணைந்திருக்கின்றன என்பவையும் சேர்ந்தே அதை முடிவுசெய்கின்றன. இவற்றில் குடும்பத்தின் கையில் இருப்பது எரிக்கும் யூனிட் மட்டும். அதை மட்டும் பிடித்து ஒரு குடும்பத்தைக் குற்றவாளியாக்குவது நியாயமும் இல்லை, அதனால் பில் குறையப்போவதும் இல்லை.

முதலில் விகிதங்களைப் பார்க்கலாம். தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையத்தின் ஆணைப்படி 2022 செப்டம்பர் 10 முதல் அமலான அட்டவணையை எடுத்துக்கொள்கிறேன். அதன் எண்கள் கணக்குப் போட எளிதானவை. 2024 ஜூலையில் கட்டணம் 4.83 சதவீதம் உயர்ந்தபோது தொகைகள் மாறின, அட்டவணையின் அமைப்பு மாறவில்லை. 2022 அட்டவணைப்படி இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் எல்லா வீடுகளுக்கும் இலவசம். அதன் பிறகு அட்டவணை இரண்டாகப் பிரிகிறது. மொத்த நுகர்வு 500 யூனிட்டுக்குள் நின்றால் 101 முதல் 200 வரை யூனிட்டுக்கு 2.25 ரூபாய், 400 வரை 4.50, 500 வரை 6 ரூபாய். மொத்தம் 500-ஐத் தாண்டினால் அந்த 2.25 என்ற சலுகை விகிதமே இல்லை. 101-லிருந்து 400 வரை எல்லாமே 4.50, 500 வரை 6, பிறகு 600 வரை 8, 800 வரை 9, 1000 வரை 10, அதற்கு மேல் 11 ரூபாய். இப்போது கூட்டிப் பாருங்கள். சரியாக 500 யூனிட் எரித்த வீட்டுக்கு 1,725 ரூபாய். 501 யூனிட் எரித்த வீட்டுக்கு 1,958 ரூபாய். அந்த ஒற்றை யூனிட்டின் விலை 233 ரூபாய். ஒரு யூனிட் என்பது 1,000 வாட் அயர்ன்பாக்ஸ் ஒரு மணி நேரம் இழுக்கும் மின்சாரம். பக்கத்துப் பக்கத்து ஃபிளாட்டில் ஏறக்குறைய ஒரே மாதிரி வாழும் இரண்டு குடும்பங்களில் ஒன்று சிக்கனமானது, மற்றொன்று ஊதாரி என்று அந்த 233 ரூபாயை வைத்து யாரால் சொல்ல முடியும்?

இது விளிம்பில் நிற்கும் வீடுகளின் பிரச்சினை மட்டும் என்று ஒதுக்கிவிடவும் முடியாது. சாதாரண மாதங்களில் 300 யூனிட்டுக்குள் இருக்கும் ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். அதன் பில் 675 ரூபாய். சித்திரை, வைகாசியில் படுக்கையறை ஏசி ஒன்று இரவில் எட்டு மணி நேரம் ஓடி நாளைக்கு 7 யூனிட் இழுக்கிறது என்று வையுங்கள். ஒன்றரை டன் ஏசிக்கு இது அசாதாரணமான அளவு இல்லை. அறுபது நாளில் 420 யூனிட். மொத்தம் 720 யூனிட், பில் 3,830 ரூபாய். நுகர்வு 2.4 மடங்கு ஆகியிருக்கிறது, தொகையோ 5.7 மடங்கு. அசோசியேஷன் கூட்டத்தில் அந்த வீட்டார் "போன தடவை 675, இந்தத் தடவை 3,830" என்று சொன்னால், கேட்பவர் மனதில் ஆறு மடங்கு ஏசி ஓடியதாகவே பதியும். உண்மையில் கூடியது ஒரே அறையில் ஒரே இயந்திரம், அதுவும் இரவில் மட்டும். ரூபாயை ரூபாயோடு ஒப்பிடும் ஒவ்வொருவரும் இந்தப் பிழையைச் செய்கிறார்கள். ரீடிங் குறிக்கும் வெள்ளை அட்டையில் தொகைக்கு முந்தைய கட்டத்தில் யூனிட் இருக்கிறது. அதைப் பார்க்காமல் பேசும் எந்த அறிவுரைக்கும் மதிப்பில்லை.

அடுத்து நாட்கள். என் பார்வையில் இந்த விவகாரத்தின் மிகப் பெரிய அநீதி இங்கேதான் இருக்கிறது, அதைப் பற்றித்தான் மிகக் குறைவாகப் பேசுகிறோம். ஸ்லாபுக்கு அடிப்படை இரண்டு மாதச் சுற்று. ஒரு சுற்றில் உண்மையில் எத்தனை நாள் அடங்கியிருக்கிறது என்பது அந்தக் கணக்கில் வருவதில்லை. ரீடிங் எடுக்க வருபவர் இரண்டு நாள் முன்னால் வரலாம், ஆறு நாள் பின்னால் வரலாம். நாளைக்கு 8 யூனிட் என்று ஆண்டு முழுவதும் ஒரே சீராக எரிக்கும் ஒரு வீட்டைக் கற்பனை செய்யுங்கள். அறுபதாவது நாளில் ரீடிங் எடுத்தால் 480 யூனிட், 1,605 ரூபாய். அறுபத்தாறாவது நாளில் எடுத்தால் 528 யூனிட், 2,174 ரூபாய். ஆறு நாள் தாமதத்துக்கு 569 ரூபாய் கூடுதல். அந்த 48 யூனிட்டும் சராசரியாகத் தலா 12 ரூபாய்க்குக் கிட்ட விற்கப்பட்டிருக்கின்றன. அட்டவணையின் உச்ச விகிதமே 11 ரூபாய்தான் என்பதை நினைவில் வையுங்கள். "அடுத்த சுற்றில் நாள் குறையும், கணக்கு நேராகிவிடும்" என்று சமாதானம் சொல்வார்கள். நேராவதில்லை. அடுத்த சுற்று 54 நாளில் முடிந்தால் 432 யூனிட், 1,317 ரூபாய். இரண்டு சுற்றும் சேர்த்து 3,491 ரூபாய். இரண்டு முறையும் அறுபது நாளில் எடுத்திருந்தால் 3,210. அதே 960 யூனிட்டுக்கு 281 ரூபாய் அதிகம் போயிருக்கிறது. அந்த வீட்டில் ஒரு விளக்குகூடக் கூடுதலாக எரியவில்லை.

ரீடிங்கில் ஏற்படும் பிழையும் இதே வழியில்தான் வேலை செய்கிறது. இரண்டு சுற்றிலும் உண்மையில் தலா 450 யூனிட் எரித்த வீட்டில், முதல் சுற்றில் 100 யூனிட் குறைத்துக் குறிக்கப்பட்டுவிட்டது என்று கொள்வோம். முதல் பில் 350 யூனிட்டுக்கு 900 ரூபாய், வீட்டார் மகிழ்ந்திருப்பார்கள். அடுத்த முறை சரியான ரீடிங் எடுக்கும்போது விட்டுப்போன 100 யூனிட்டும் சேர்ந்து 550 ஆகிறது, 2,350 ரூபாய். மொத்தம் 3,250. சரியாக எடுத்திருந்தால் 2,850. நானூறு ரூபாய் நட்டம் என்பது ஒருபுறம் இருக்க, ஒரே சுற்றில் தொகை 900-லிருந்து 2,350-க்குத் தாவியதைப் பார்த்து அந்த வீட்டில் நடக்கும் சண்டையை யோசியுங்கள். யார் கீசரை அணைக்கவில்லை, யார் டிவியை ஓடவிட்டுத் தூங்கியது என்று ஒருவரை ஒருவர் விசாரிப்பார்கள். இல்லாத குற்றத்துக்கான விசாரணை அது. நாட்களையும் யூனிட்டையும் பிரித்துக் கணக்கிடுவது முடியாத காரியமா என்றால், இல்லை. 2020 ஊரடங்கில் வீடு வீடாகப் போய் ரீடிங் எடுக்க முடியாமல் போனபோது, நான்கு மாத நுகர்வை இரண்டு சுற்றாகப் பிரித்து வாரியமே கணக்கிட்டது. முன்பு கட்டிய தொகையைக் கழித்த விதம் பற்றி வழக்கு எழுந்தது, அது வேறு விஷயம். ஒட்டுமொத்த நான்கு மாதத்தையும் ஒரே ஸ்லாபில் போட்டால் அநியாயமாகிவிடும் என்ற கொள்கையை வாரியம் அன்றே ஏற்றுக்கொண்டுவிட்டது. நான்கு மாதத்துக்குப் பொருந்தும் அந்த நியாயம் அறுபத்தாறு நாளுக்குப் பொருந்தாமல் போக என்ன காரணம் இருக்க முடியும்?

இங்கே எனக்கு ஆதரவாகப் பேசுவதாக நினைத்துப் பலர் ஒரு தீர்வைச் சொல்வார்கள்: மாதம் ஒருமுறை ரீடிங் எடுத்தால் எல்லாம் சரியாகிவிடும். 2021 சட்டமன்றத் தேர்தலில் திமுக இதை வாக்குறுதியாகவே தந்தது. அதன் பிறகு ஸ்மார்ட் மீட்டர் வந்ததும் செய்வோம் என்று சொல்லப்பட்டுவந்தது. இந்த நம்பிக்கையையும் நான் மறுக்கிறேன், முழுக்க அல்ல, பாதி. மாதக் கணக்கீடு வந்தால் பில்லைப் பார்த்து மறுமாதமே திருத்திக்கொள்ளலாம். பிழை இருந்தால் சீக்கிரம் தெரியும். அந்த நன்மைகள் உண்மையானவை. தொகை குறையும் என்பது மட்டும் நிச்சயமில்லை. ஸ்லாப் எல்லைகளையும் பாதியாக்கி 50 யூனிட் இலவசம், 250-ல் பிரிவு என்று வைத்தால், சீரற்ற மாதங்களில் தொகை கூடவும் செய்யும். ஏப்ரலில் 200, மே மாதத்தில் 400 யூனிட் எரிக்கும் வீட்டுக்கு இரண்டு மாத முறையில் 600 யூனிட்டுக்கு 2,750 ரூபாய். பாதியாக்கிய ஸ்லாபில் மாதம்தோறும் கணக்கிட்டால் 562.50-உம் 2,275-உம் சேர்ந்து 2,837.50 ஆகிறது. ஆகவே கேட்க வேண்டியது மாதமா இரண்டு மாதமா என்பதைவிட, ஸ்லாப் எல்லைகளை நாள் கணக்கில் விரித்துச் சுருக்க வேண்டும் என்பதும், 500-ஐத் தாண்டிய கணத்தில் பழைய சலுகை முழுவதும் பறிபோகும் அந்தப் பள்ளத்தை ஒரு சரிவாக மாற்ற வேண்டும் என்பதும்தான்.

ஒயர்களுக்கு வருகிறேன். தனி வீட்டைவிட அடுக்ககத்தில் இது முக்கியம், ஏனென்றால் எல்லா மீட்டரும் தரைத்தளத்தில் ஒரே அறையில் வரிசையாக இருக்கின்றன, அங்கிருந்து மாடிகளுக்கு ஒயர் இழுத்தது கட்டுநரின் எலக்ட்ரீஷியன். இரண்டாவது மாடிக்குப் போகவேண்டிய இணைப்பு மூன்றாவது மாடிக்கும், அதற்குரியது இதற்கும் மாறியிருந்தால், ஏசியே இல்லாத ஃபிளாட்டுக்குப் பக்கத்து வீட்டின் கோடை வந்து சேரும். இதைவிட நுட்பமான ஒன்று நியூட்ரலில் நடக்கிறது. பேஸ் வழியாகப் போகும் கரண்ட் நியூட்ரல் வழியாகத் திரும்ப வேண்டும். இரண்டும் சமமாக இருக்க வேண்டும். எர்த்தில் திருப்பிவிட்டுத் திருடுவதைத் தடுப்பதற்காக, நம் நாட்டில் வீடுகளுக்குப் பொருத்தும் ஒருமுனை எலக்ட்ரானிக் மீட்டர்கள் இரண்டு பக்கத்தையும் அளந்து, எது அதிகமோ அதைக் கணக்கில் எடுக்கும்படி செய்யப்பட்டிருக்கின்றன. நல்ல ஏற்பாடுதான். ஆனால் இன்வெர்ட்டர் மாட்டும்போதோ பழுது பார்க்கும்போதோ இரண்டு ஃபிளாட்டுகளின் நியூட்ரல் எங்காவது ஒன்றோடு ஒன்று சேர்ந்துவிட்டால், அடுத்த வீட்டுக் கரண்ட்டின் ஒரு பகுதி உங்கள் மீட்டர் வழியாகத் திரும்பும். நீங்கள் எரிக்காததை உங்கள் மீட்டர் விசுவாசமாகப் பதிவுசெய்யும். மீட்டரில் கோளாறு இல்லை, வாரியத்தின் தவறும் இல்லை, உங்கள் சிக்கனத்தாலும் அதைக் குறைக்க முடியாது. வீட்டின் மெயினை முழுவதும் அணைத்த பிறகும் கீழே மீட்டரின் சிவப்பு விளக்கு சிமிட்டிக்கொண்டிருந்தால், ஏசியைப் பற்றிப் பேசுவதை நிறுத்திவிட்டு ஒயரைத் தேடத் தொடங்க வேண்டும்.

இதன் மறுபக்கத்தில் இன்னொரு பரவலான நம்பிக்கை இருக்கிறது. நேர்மையாக வாதிட வேண்டுமானால் அதையும் மறுத்தாக வேண்டும். "புது மீட்டர் வேகமாக ஓடுது" என்பது அது. எலக்ட்ரானிக் மீட்டரின் அனுமதிக்கப்பட்ட பிழை ஏறக்குறைய ஒரு சதவீதம். பில் இரட்டிப்பானதற்கு மீட்டரின் வேகம் காரணமாக இருப்பது அரிது. நான் சொன்ன காரணங்கள் எவையும் மீட்டரைக் குற்றம் சாட்டுவதில்லை. சந்தேகம் இருந்தால் அதையும் சோதித்துவிடலாம். ஒரு யூனிட்டுக்கு எத்தனை சிமிட்டல் என்று மீட்டரின் முகப்பிலேயே அச்சிட்டிருப்பார்கள். 3,200 என்று இருந்தால், மற்ற எல்லாவற்றையும் அணைத்துவிட்டு 1,000 வாட் ஹீட்டர் ஒன்றை மட்டும் ஓடவிட்டால் நிமிடத்துக்கு 53 சிமிட்டல் வர வேண்டும். வோல்டேஜைப் பொறுத்துச் சற்று ஏறி இறங்கலாம்; இரண்டு மடங்கு வந்தால் மட்டுமே மீட்டரைச் சந்தேகிக்க இடமிருக்கிறது.

பொதுப் பயன்பாட்டு மின்சாரத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். லிஃப்ட், மோட்டார், மாடிப்படி விளக்குகளுக்கு 2022-ல் 1-டி என்ற தனி விகிதம் உருவானது. அப்போது யூனிட்டுக்கு 8 ரூபாய், இலவச 100 யூனிட் கிடையாது, கிலோவாட்டுக்கு நிலைக்கட்டணம் வேறு. எதிர்ப்புக்குப் பிறகு 2023 நவம்பர் முதல், 10 வீடுகளுக்கு மிகாமல், மூன்று மாடிக்கு மிகாமல், லிஃப்ட் இல்லாத கட்டடங்களுக்கு மட்டும் 5.50 ரூபாயாகக் குறைத்தார்கள். மற்றவர்களுக்குப் பழைய நிலையே தொடர்ந்தது. இந்தத் தொகை மெயின்டனன்ஸ் என்ற பெயரில் எல்லா வீட்டுக்கும் பிரிகிறது. தன் வீட்டில் ஒரு யூனிட்டும் கூட்டாத குடும்பத்தின் மொத்த மின்செலவு இந்த வழியிலும் ஏறும்.

இப்போது எதிர்வாதங்கள். "என்னதான் சொன்னாலும் பத்துக்கு எட்டு வீட்டில் காரணம் ஏசிதான்" என்பார்கள். இருக்கலாம். ஏசி வாங்கிய கோடையில் யூனிட் கூடுவதை நான் மறுக்கவில்லை. மேலே நான் காட்டிய 720 யூனிட் வீட்டிலும் கூடியது ஏசியால்தான். ஆனால் பெரும்பாலான வீடுகளுக்குப் பொருந்துவது இந்த வீட்டுக்கும் பொருந்தும் என்று சோதிக்காமல் முடிவுகட்டுவது காரணம் கண்டுபிடிப்பதாகாது. யூனிட்டை நாளால் வகுத்து, போன ஆண்டு இதே சுற்றின் யூனிட்டோடு வைத்துப் பார்க்க அரை மணி நேரம் போதும். அதைச் செய்த பிறகு ஏசிதான் என்று தெரிந்தால் ஏசி என்றே சொல்லுங்கள். அப்போதும் அது வீண்செலவு என்ற சொல்லை நான் ஏற்க மாட்டேன். 2024 அக்டோபரில் தமிழக அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. பகல் முழுவதும் வெயிலைக் குடித்த மொட்டைமாடிக் கான்கிரீட் இரவெல்லாம் அதைக் கீழே இறக்கும் மேல்தளத்து ஃபிளாட்டில், காற்று வர ஒரு பக்கச் சன்னல் மட்டும் இருக்கும் அறையில், வயதானவரோ கைக்குழந்தையோ உறங்குவதற்காக ஓடும் ஏசி, பேரிடரில் உயிரைக் காக்கும் கருவி. விசிறியோடு வாழ்ந்த பெரியவர்களின் வீட்டில் ஓட்டுக்கூரையும் முற்றமும் திண்ணையும் இருந்தன. கட்டடத்தின் குறையை அதில் குடியிருப்பவரின் ஒழுக்கக் குறையாக்குவது எனக்குக் கோபம் தருகிறது.

இரண்டாவது எதிர்வாதம் இதைவிடக் கனமானது. மேல் ஸ்லாபில் அதிகம் வாங்கினால்தான் கீழே இருப்பவர்களுக்கு இலவசம் தர முடியும்; வாரியத்தின் கடன் ஒன்றரை லட்சம் கோடியைத் தாண்டியது; அதிகம் எரிப்பவர் அதிகம் கொடுக்கட்டும் என்பது அந்த வாதம். ஏறுமுக விகிதத்தை நான் எதிர்க்கவில்லை. ஒரு குண்டு பல்பும் ஒரு விசிறியும் இருக்கும் வீட்டுக்கு 100 யூனிட் இலவசமாகப் போவது நியாயம், அதன் சுமையில் ஒரு பங்கை ஏசி வைத்திருக்கும் வீடு தாங்குவதும் நியாயம். நான் கேட்பது, அதிகம் எரித்தவர் யார் என்பதை அந்தக் கணக்கு உண்மையாகவே கண்டுபிடிக்க வேண்டும் என்பது. நாளைக்கு 8 யூனிட் எரிக்கும் இரண்டு வீடுகளில், ரீடிங் தாமதமான வீட்டில் மட்டும் அதிகம் வாங்குவது ஏழைக்கு உதவுவதாகாது. அது குலுக்கலில் விழுந்த சீட்டுக்கு வசூலிப்பது. சிக்கனத்தைத் தூண்டும் நோக்கமும் இதனால் நிறைவேறாது. விலை ஒருவரைத் திருத்த வேண்டுமென்றால், எல்லையைத் தாண்டப் போகிறோம் என்பது தாண்டும் முன் அவருக்குத் தெரிய வேண்டும். இன்றைய முறையில் எல்லை எந்தத் தேதியில் மூடும் என்பதே வீட்டாருக்கு உறுதியாகத் தெரியாது. தெரியாத தேதிக்கு எப்படிச் சிக்கனம் பிடிப்பது? இதில் ரீடிங் எடுப்பவரைக் குறைசொல்லவும் நான் தயாராக இல்லை. ஆள் பற்றாக்குறையில் பலருடைய பகுதியையும் சேர்த்துச் சுமக்கும் ஊழியர் குறித்த தேதியில் வந்து நிற்க வேண்டும் என்று எதிர்பார்த்து, அவர் வராத நாட்களின் விலையை நுகர்வோர் தலையில் கட்டும் ஏற்பாடுதான் தவறு.

மூன்றாவது, "முதலில் கட்டு, பிறகு புகார் கொடு, இல்லாவிட்டால் பியூஸைப் பிடுங்கிவிடுவார்கள்" என்ற அச்சம். அக்கறையோடு சொல்லப்படும் அறிவுரைதான், ஆனால் சட்டம் சொல்வது வேறு. மின்சாரச் சட்டம் 2003-இன் 56-ஆவது பிரிவின்படி, கட்டணம் கட்டாததற்காக இணைப்பைத் துண்டிக்க வேண்டுமானால் முழுதாக 15 நாள் அவகாசம் தந்து எழுத்தில் அறிவிப்பு கொடுக்க வேண்டும். தொகையில் தகராறு இருந்தால், எதிர்ப்பைப் பதிவுசெய்து, கேட்கப்பட்ட தொகையையோ, முந்தைய ஆறு மாதம் கட்டியதன் சராசரியைக் கொண்டு கணக்கிட்ட தொகையையோ, எது குறைவோ அதைச் செலுத்தினால், தகராறு தீரும்வரை துண்டிக்கக் கூடாது. அந்த ஆறு மாதத்தில் மழையும் பனியும் அடங்கியிருந்தால் சராசரி கணிசமாகக் குறைவாகவே இருக்கும். மத்திய அரசு 2024 பிப்ரவரியில் திருத்திய நுகர்வோர் உரிமை விதிகள் இன்னும் ஒரு படி மேலே போகின்றன: ரீடிங் உண்மை நுகர்வோடு பொருந்தவில்லை என்று புகார் தந்தால், ஐந்து நாளுக்குள் கூடுதலாக ஒரு மீட்டரை வைத்து, குறைந்தது மூன்று மாதம் இரண்டையும் ஒப்பிட வேண்டும். பிரிவு அலுவலகம் அசையாவிட்டால் ஒவ்வொரு மின்பகிர்மான வட்டத்திலும் நுகர்வோர் குறைதீர்க்கும் மன்றம் இருக்கிறது. அதற்கு மேல் மின்குறை தீர்ப்பாளர் இருக்கிறார். இந்த உரிமைகள் எதையும் பயன்படுத்தாமல் "ஏசியைக் குறை" என்று சொல்லி அனுப்புவது, சட்டம் வாரியத்தின் மேல் வைத்த பொறுப்பை எடுத்துக் குடும்பத்தின் மேல் வைப்பதாகும்.

நடைமுறையில் இது எளிதல்ல என்று சொல்வார்கள். வேலைக்குப் போகும் இருவர், அலுவலக நேரத்தில் பிரிவு அலுவலகத்துக்கு அலைய முடியாது, அறுநூறு ரூபாய்க்காக ஒரு நாள் சம்பளத்தை இழப்பதா என்று. உண்மையான சிரமம் அது. அதனால்தான் இதைத் தனி வீட்டின் வேலையாக விடாமல் அசோசியேஷன் எடுத்துச் செய்ய வேண்டும் என்கிறேன். மீட்டர்கள் எல்லாம் ஒரே அறையில் இருக்கின்றன. மாதம் ஒருமுறை வாட்ச்மேனோ பொறுப்பாளரோ எல்லா மீட்டரையும் ஒரே நேரத்தில் செல்போனில் படமெடுத்துக் குழுவில் போட்டால், ரீடிங் தாமதமானது, இலக்கம் தவறிப் பதிந்தது, இரண்டு ஃபிளாட்டின் ஒயர் மாறிக்கிடப்பது எல்லாம் தானாக வெளியே வரும். இருபது வீட்டில் பதினெட்டு வீட்டின் நாள் நுகர்வு ஏற்கெனவே இருந்த அளவிலேயே நிற்க, அந்தப் பதினெட்டு வீட்டுக்கும் தொகை ஏறியிருந்தால் காரணம் நாட்கள். ஒரே ஒரு வீட்டில் ஆள் இல்லாத வாரத்திலும் எண் ஓடியிருந்தால் காரணம் ஒயர். அசோசியேஷனின் பெயரில், தேதியோடு கூடிய படங்களை இணைத்து, ஒப்புகை வாங்கிக்கொண்டு கொடுக்கும் ஒரு கடிதத்தை, தனி ஆளின் புலம்பலை ஒதுக்குவது போல ஒதுக்க முடியாது.

வாரியத்திடம் கேட்க வேண்டியதும் பெரிய செலவு பிடிப்பதில்லை. தொலைவிலிருந்தே குறித்த நாளில் ரீடிங் தரும் ஸ்மார்ட் மீட்டர்கள் சென்னை தியாகராய நகரில் சோதனை முறையில் பொருத்தப்பட்டன. அவை மாநிலம் முழுக்க வரும்வரை இதற்குக் காத்திருக்க வேண்டியதில்லை. முந்தைய ரீடிங்கின் தேதியும் இந்த ரீடிங்கின் தேதியும் வாரியத்திடம் ஏற்கெனவே இருக்கின்றன. பில்லில் நாட்களின் எண்ணிக்கை, நாள் சராசரி யூனிட், போன ஆண்டு இதே சுற்றின் நாள் சராசரி ஆகிய மூன்று எண்களைத் தொகைக்கு மேலே அச்சிட வேண்டும். அறுபது நாளைத் தாண்டினால் ஒவ்வொரு நாளுக்கும் ஸ்லாப் எல்லைகள் அறுபதில் ஒரு பங்கு விரிய வேண்டும். 66 நாள் சுற்றில் இலவசம் 110 யூனிட், சலுகையின் எல்லை 550. அப்படிச் செய்தால் நாம் மேலே பார்த்த 528 யூனிட் வீடு சலுகைக்குள்ளேயே நிற்கும். அதன் பில் 2,174 ரூபாயிலிருந்து 1,765.50 ரூபாயாக இறங்கும். அறுபது நாளில் 480 யூனிட்டுக்கு 1,605 கட்டியபோது நாளொன்றுக்கு விழுந்த 26 ரூபாய் 75 காசுதான் இதிலும் விழும்.